காருக்குள் ஒரு விசில் சத்தம்: அது எங்கிருந்து வருகிறது?
மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



காரில் பாட்டுப் போடுகிறோம். இன்ஜின் ஓடாத வரைக்கும் பாட்டு சுத்தமாக இருக்கிறது. வண்டியைக் கிளப்பியதும் பாட்டுக்கு அடியில் 'ஙொய்ய்ங்' என்று ஒரு விசில் எழும்புகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. டாக்ஸி, வேன் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார்கள். கடைக்குக் கொண்டு போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஒரு ஃபில்டர் போட்டுடலாமுங்க."

நாம் வகுப்பில் சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம் என்று ஒரு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். அதே விஷயம்தான் இது. ஆனால் பரீட்சைத் தாளில் நாய்ஸ் எந்த வழியாக உள்ளே வந்தது என்று யாரும் கேட்பதில்லை. காரில் அதுதான் முதல் கேள்வி. வழி தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது. வழியைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும், இரண்டு ஆர்.சி.ஏ. பின்னும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

சத்தமே பாதி விடை

முதலில் காதைத் தீட்டிக்கொள்வோம். காரில் வரும் இரைச்சல்கள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல.

இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில் ஆல்டர்னேட்டருடையது. பழைய டிரைவர்கள் இன்னும் டைனமோ என்றே சொல்கிறார்கள், ஆனால் உள்ளே இருப்பது மூன்று ஃபேஸ் ஏ.சி. ஜெனரேட்டரும் ஆறு டயோடுகளும்தான். ஆறு டயோடு பிரிட்ஜ் ஒரு சுற்றுக்கு ஆறு ரிப்பிள் தரும் என்று படித்தோம் அல்லவா? பன்னிரண்டு துருவம் உள்ள ரோட்டார் என்றால் ஒரு தடவை சுற்றும்போது ஆறு முழு அலை. ஆறாறு முப்பத்தாறு ரிப்பிள். கணக்கு சுலபம்: ஆல்டர்னேட்டரின் நிமிடச் சுற்று எண்ணிக்கையை 0.6 ஆல் பெருக்கினால் ரிப்பிளின் அதிர்வெண் வந்துவிடும். புல்லி விகிதம் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். வண்டி நின்ற இடத்தில் 800 சுற்றில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 1600 சுற்று, ரிப்பிள் 960 ஹெர்ட்ஸ். இன்ஜின் 2500 சுற்றுக்குப் போனால் 3000 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000-க்கும் 4000-க்கும் இடைப்பட்ட பகுதியில்தான். கொஞ்சூண்டு விசில் இவ்வளவு எரிச்சல் தருவது ஏன் என்பது இப்போது புரியும்.

'டிக் டிக் டிக்' என்று வேகத்தோடு நெருங்கும் சத்தம் ஸ்பார்க் பிளக்குடையது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டியில் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. 900 சுற்றில் விநாடிக்கு 30 பொறி. பிளக்கின் பெயரில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் உள்ளே சில ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ரெசிஸ்டர் இந்த இரைச்சலை அடக்கத்தான். விலை குறைவு என்று 'ஆர்' இல்லாத பிளக்கை மாட்டினால் ரேடியோ உடனே காட்டிக்கொடுத்துவிடும். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஆகவே டீசல் வண்டியில் டிக் டிக் கேட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

வைப்பர் போட்டால் மட்டும், ஹாரன் அடித்தால் மட்டும், இண்டிகேட்டர் போட்டால் மட்டும் வரும் சத்தங்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஏ.எம். ரேடியோவில் இரைச்சல் அதிகமாகவும் எஃப்.எம்.-ல் குறைவாகவும் கேட்பது ஏன் என்பதும் நம் பாடத்திலேயே இருக்கிறது. பொறியின் இரைச்சல் வீச்சைத்தான் தாக்குகிறது. ஏ.எம்.-ல் செய்தியே வீச்சில்தான் இருக்கிறது. எஃப்.எம். ரிசீவரில் லிமிட்டர் அந்த ஏற்ற இறக்கத்தை வெட்டி எறிந்துவிடும். 1966-ல் தொடங்கிய கோவை வானொலியை 999 கிலோ ஹெர்ட்ஸில் பிடித்துக் கேட்ட பெரியவர்களிடம் கேளுங்கள், ஸ்கூட்டர் ஒன்று வீதியில் போனால் ரேடியோ எப்படிப் பொரிந்தது என்று சொல்வார்கள். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. மின்சாரக் கார்களின் இன்வெர்ட்டர் இரைச்சலைக் காரணம் காட்டிப் பல கம்பெனிகள் ஏ.எம். ரேடியோவையே எடுத்துவிட்டன. ஃபோர்டு நிறுவனமும் தன் புதிய கார்களில் ஏ.எம். வேண்டாம் என்று முடிவெடுத்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2023 மே மாதத்தில் அந்த முடிவை மாற்றிக்கொண்டது.

காருக்குள் ரேடியோ வைக்கும் ஆசைக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. சிகாகோவில் பால் கால்வின் என்பவர் 1930-ல் தன் ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்கே ஓட்டிக்கொண்டு போனார். அவருடைய ஆட்கள் மல்லுக்கட்டியது இன்ஜினின் மின் இரைச்சலோடுதான். மோட்டார் என்ற சொல்லிலிருந்து அவர் வைத்த பெயர் மோட்டரோலா. நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே பஸ் ஓட்டிய ஜி.டி. நாயுடு, 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தவர். 1945-ல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் வந்ததும் அவரால்தான். மோட்டாரும் ரேடியோவும் ஒரே மனிதர் கையில் இருந்த ஊர் இது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒரு டாக்ஸியின் கதை

எங்க மாமா பொள்ளாச்சியில் டாக்ஸி ஓட்டுகிறார். ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி. டேஷ்போர்டில் செட், பின்சீட்டுக்கு அடியில் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர், நான்கு ஸ்பீக்கர். வால்பாறைக்கு ஏறும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் விசில் ஏறும், இறங்கும். "ஏனுங்க டிரைவரண்ணா, கொசுவையும் டிக்கெட் போட்டுக் கூட்டியாந்துட்டீங்களா?" என்று ஒரு பார்ட்டி கேட்டதாம். கேட்ட பார்ட்டி சிரித்தது, மாமா சிரிக்கவில்லை. அடுத்த தடவை அவர்கள் வேறு வண்டி பிடித்துவிட்டார்கள்.

ஒரு கடையில் ஃபில்டர் போட்டு 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். சத்தம் அப்படியே இருந்தது. இன்னொரு கடையில் டைனமோவில் டயோடு போய்விட்டது, டைனமோவையே மாற்ற வேண்டும் என்றார்கள். மாமா எனக்குப் போன் செய்தார்.

"மாப்ள, டைனமோ போச்சுங்கறான். மாத்திப்போடலாமா, நீ என்ன சொல்றே?"

எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறியது நான்தான் முதல். அதனால் இந்த மாதிரி விஷயத்தில் நான் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவார்கள். "மாத்திருங்க" என்று நான் சொல்லியிருந்தால் மறுநாளே மாற்றியிருப்பார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இருங்க மாமா, ஞாயித்துக்கிழமை வர்றேன், அளந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

முதலில் டைனமோவையே அளந்தோம். இன்ஜின் ஓட, ஹெட்லைட் போட்டு, பேட்டரி முனையில் டி.சி. 14.1 வோல்ட். நல்ல சார்ஜ். அடுத்து ரிப்பிளைப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. நம்மில் பலரிடம் இருக்கும் மலிவு மஞ்சள் மீட்டரை ஏ.சி. ரேஞ்சில் வைத்து நேராகப் பேட்டரியில் தொட்டால், அது டி.சி.-யையும் சேர்த்துப் படித்து இருபத்தெட்டு, முப்பது வோல்ட் என்று காட்டும். முனையை மாற்றித் தொட்டால் சைபர் காட்டும். அதைப் பார்த்துவிட்டு டயோடு போச்சு என்று தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரு மைக்ரோ ஃபாரட் பாலிஸ்டர் கண்டென்சரைத் தொடரில் போட்டு டி.சி.-யைத் தடுத்துவிட்டு அளக்க வேண்டும். அதுவும் அந்த மீட்டரின் 200 வோல்ட் ரேஞ்சில் சின்ன அளவு தெரியாது. இரண்டு வோல்ட் ஏ.சி. ரேஞ்ச் உள்ள மீட்டரை நண்பனிடம் இரவல் வாங்கிப் போயிருந்தேன். 0.06 வோல்ட் காட்டியது. 0.1-க்குள் இருந்தால் கவலை இல்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால்தான் டயோடைச் சந்தேகிக்க வேண்டும். டைனமோ தப்பித்தது. மாமாவின் முகத்தில் அப்போதே பாதி வெளிச்சம்.

அடுத்தது வால்யூம் சோதனை. இதற்கு மீட்டரே வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டு வால்யூமைச் சைபருக்குக் கொண்டு வாருங்கள். விசிலும் கூடவே குறைந்தால் அது வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னாலேயே நுழைகிறது. அதாவது ஆண்டெனா, ஆக்ஸ் ஒயர், போன் சார்ஜர் இந்தப் பக்கம். வால்யூம் சைபரிலும் விசில் அப்படியே இருந்தால் அது கன்ட்ரோலுக்குப் பிறகு நுழைகிறது. மாமாவின் வண்டியில் பாட்டு நின்றது, கொசு மட்டும் பாடிக்கொண்டிருந்தது. ஆக, தேட வேண்டிய இடம் செட்டின் அவுட்புட்டிலிருந்து ஸ்பீக்கர் வரை.

மூன்றாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு ஆர்.சி.ஏ. பின் எடுத்து, ஒவ்வொன்றிலும் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் சின்ன ஒயரால் சேர்த்துச் சால்டர் வைத்துவிடுங்கள். ஊமைப் பின் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபயரை ஆஃப் செய்து, ஆர்.சி.ஏ. ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஊமைப் பின்னைச் சொருகி மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போது ஆம்ப்ளிஃபயருக்கு வெளியிலிருந்து எதுவும் வர முடியாது. அப்படியும் விசில் கேட்டால் குற்றம் ஆம்ப்ளிஃபயரின் பவர் ஒயரிலோ உள்ளேயோ. விசில் நின்றால் ஆம்ப்ளிஃபயர் நிரபராதி.

நின்றது. சுத்தமாக நின்றது.

யோசித்துப் பாருங்கள். 1,800 ரூபாய் ஃபில்டர் எங்கே போட்டிருந்தார்கள்? ஆம்ப்ளிஃபயரின் பவர் ஒயரில்! பவர் ஒயர் வழியாக வராத திருடனுக்குப் பவர் ஒயரில் காவல். இருபது ரூபாய்ப் பின் அந்த ஒரு நிமிடத்தில் சொன்னதை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

அடுத்து ஆர்.சி.ஏ. ஒயரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, செட் பக்கத்து முனையைக் கழற்றி அங்கே ஊமைப் பின்னைப் பொருத்தினோம். விசில் இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு மெலிதாகக் கேட்டது. இது ஒயர் வழியாக வரும் தூண்டல். சிக்னல் ஒயரையும் பேட்டரி ஒயரையும் ஒரே டேப்பில் சுற்றி ஒரே பக்கமாகப் பின்னுக்குக் கொண்டு போயிருந்தார்கள். ஆனாலும் பெரிய சத்தம் இங்கே இல்லை. பிறகு என் போனை, சார்ஜரில் போடாமல், நேராக அந்த ஒயரில் இணைத்துப் பாட்டுப் போட்டோம். பாட்டு கண்ணாடி மாதிரி வந்தது. போன் தன் பேட்டரியில் ஓடுகிறது, வண்டியின் பாடியோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. செட் வந்தால் விசில் வருகிறது, செட்டை எடுத்தால் போகிறது.

அப்படியானால் செட்தான் பழுதா? அப்படிச் சொல்லியிருந்தால் இன்னொரு பத்தாயிரம் போயிருக்கும். இன்ஜினை நிறுத்தி, செட்டின் ஆர்.சி.ஏ. வெளி வளையத்துக்கும் செட்டின் உலோகப் பெட்டிக்கும் இடையே ஓம் ரேஞ்சில் தொட்டேன். இந்த வகைச் செட்டில் ஒரு ஓமுக்கும் கீழே இருக்க வேண்டும். மீட்டர் திறந்த சர்க்யூட் காட்டியது. செட்டுக்குள்ளே அந்த எர்த் பாதையில் தலைமுடி போல ஒரு சின்ன ஃப்யூஸ் இருக்கும். அது எரிந்து போயிருந்தது. வளையத்தையும் பெட்டியையும் ஒரு ஒயரால் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடித்து மாமாவை இன்ஜினைக் கிளப்பச் சொன்னேன். விசில் இல்லை. கையை எடுத்தேன், வந்தது. வைத்தேன், போனது. மாமா நாலு தடவை செய்யச் சொல்லிக் கேட்டார். (சில செட்டுகளில் வேண்டுமென்றே வளையத்தைப் பெட்டியோடு நேராக இணைக்க மாட்டார்கள். சர்வீஸ் மேனுவல் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.)

இங்கேயே நிறுத்தி, அந்த ஃப்யூஸை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் ஃப்யூஸ் தானாக எரியாது. அது ஏன் எரிந்தது?

எர்த் என்பது சைபர் அல்ல

நாம் சர்க்யூட் வரையும்போது எர்த் குறியை எங்கெங்கே வேண்டுமானாலும் போட்டு, எல்லாம் சைபர் வோல்ட் என்று நினைத்துக்கொள்கிறோம். காரின் பாடி இரும்பு. இரும்புக்கும் ரெசிஸ்டன்ஸ் உண்டு, போல்ட்டுக்கு அடியில் இருக்கும் பெயின்டுக்கு அதைவிட அதிகம் உண்டு. 0.01 ஓம் என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். அதன் வழியே 30 ஆம்பியர் ஓடினால் 0.3 வோல்ட். செட்டிலிருந்து போகும் சிக்னலே இரண்டு வோல்ட் அளவுதான். செட்டின் எர்த்துக்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த்துக்கும் இடையே 20 மில்லிவோல்ட் ரிப்பிள் வித்தியாசம் இருந்தாலே சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் நூறுக்கு ஒன்று, அதாவது 40 டெசிபல். பெட்டியின் மேல் 90 டெசிபலுக்கு மேல் என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டு எர்த்தையும் ஆர்.சி.ஏ. ஒயரின் மேல்சுற்று இணைக்கிறது. அந்த வட்டத்தில் ஓடும் கரண்ட் சிக்னலோடு கலந்துவிடுகிறது. கிரவுண்ட் லூப் என்று சொல்வது இதைத்தான்.

இதை அளக்கும் முறை: பாட்டைச் சத்தமாக வையுங்கள். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவில், சிவப்பு முனை ஆம்ப்ளிஃபயரின் எர்த் டெர்மினலில். நீளமான ஒயர் ஒன்று தேவைப்படும். ஓம் ரேஞ்சில் அளந்து பயனில்லை. இவ்வளவு சின்ன ரெசிஸ்டன்ஸை நம் மீட்டர் காட்டாது. கரண்ட் ஓடும்போது வோல்ட் அளந்தால்தான் உண்மை வெளியே வரும். மாமாவின் வண்டியில் 0.42 வோல்ட், பாட்டின் தாளத்துக்கு ஏறி இறங்கியது. 0.1-க்குள் இருந்தால்தான் நல்லது.

சீட்டைத் தூக்கிப் பார்த்தோம். சீட் போல்ட்டில், பெயின்டின் மேலேயே லக்கை வைத்து முடுக்கியிருந்தார்கள். போல்ட் லூஸ் வேறு. ஆம்ப்ளிஃபயருக்குத் திரும்பிப் போக நல்ல வழி இல்லாததால், அதன் கரண்டில் ஒரு பங்கு ஆர்.சி.ஏ. மேல்சுற்று வழியாகச் செட்டுக்குப் போய், செட்டின் எர்த் வழியாக வெளியேறியிருக்கிறது. மில்லி ஆம்பியருக்குச் செய்த மெல்லிய பாதையில் ஆம்பியர் கணக்கில் போனால் எரியாமல் என்ன செய்யும்? ஆம்ப்ளிஃபயர் எர்த்தைச் சரி செய்யாமல் செட்டின் ஃப்யூஸை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் எரிந்திருக்கும்.

வேலை அரை மணி நேரம்தான். சீட் போல்ட்டை விட்டுவிட்டு, பாடியில் நல்ல கனமான இடமாகப் பார்த்து, உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பவர் ஒயரின் அதே கனத்தில் முக்கால் அடி நீளத்துக்கு எர்த் ஒயர் வெட்டி, லக்கை அழுத்தி, பல் வாஷர் போட்டு முடுக்கினோம். துருப் பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவினோம். மறுபடி அளந்தால் 0.03 வோல்ட். சிக்னல் ஒயரை வண்டியின் மறுபக்கம் மாற்றினோம். செட்டுக்குள் இருந்த ஃப்யூஸை அதே அளவுள்ளதாக வாங்கி அடுத்த வாரம் மாற்றிக் கொடுத்தேன். மொத்தச் செலவு 260 ரூபாய். அந்த ஃபில்டரையும் கழற்றிவிட்டோம். இப்போது வீட்டு அலமாரியில் தூங்குகிறது.

ஃபில்டர் எப்போது உதவும்?

ஃபில்டரைத் திட்டுவது என் நோக்கமல்ல. அதன் உள்ளே ஒரு சோக்கும் ஒரு கண்டென்சரும்தான். ஒரு மில்லி ஹென்றி, 2200 மைக்ரோ ஃபாரட் என்று எடுத்துக்கொண்டால் வெட்டும் அதிர்வெண் ஏறக்குறைய 107 ஹெர்ட்ஸ். 1000 ஹெர்ட்ஸ் ரிப்பிளை எண்பது பங்குக்கும் கீழே இறக்கிவிடும். அருமையான பொருள்தான், இரைச்சல் பவர் ஒயர் வழியாக வந்தால்! செட்டின் பவர் ஒயரில் போட்டால் பலன் தரக்கூடும். ஆனால் 10 ஆம்பியர் சோக்கை 30 ஆம்பியர் இழுக்கும் ஆம்ப்ளிஃபயரில் போட்டால் சோக் சூடாகும், வோல்டேஜ் குறையும், பாஸ் அடிக்கும்போது சவுண்டு அமுங்கும். எர்த் வழியாக வரும் இரைச்சலை அது தொடக்கூட முடியாது.

இன்றைக்கு வரும் இரைச்சலில் புது ஆட்களும் உண்டு. போனை லைட்டர் சார்ஜரில் போட்டுக்கொண்டே ஆக்ஸ் ஒயரில் பாட்டுக் கேட்டால் விசில் வரும். சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கும். இதுவும் கிரவுண்ட் லூப்தான், போன் வழியாகப் போகும் லூப். ஒன்றுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேட்டர் ஒன்றை ஆக்ஸ் ஒயரில் போட்டாலோ, ப்ளூடூத்தில் கேட்டாலோ தீர்ந்தது. மலிவுச் சார்ஜரும் மலிவு எல்.இ.டி. ஹெட்லைட்டும் வேகமாக ஸ்விட்ச் ஆகும் கன்வெர்ட்டர்கள். அவற்றின் ஹார்மோனிக்ஸ் எஃப்.எம். வரை எட்டும். லைட் போட்டால் தூரத்து ஸ்டேஷன் மங்கினால் பல்பைச் சந்தேகியுங்கள். கால் வருவதற்குச் சற்று முன்னால் 'டட்டட் டட்டட்' என்று கேட்பது 2ஜி போன். அதன் ஃபிரேம் 4.615 மில்லி விநாடி, தலைகீழாக்கினால் 217 ஹெர்ட்ஸ். போனை ஒரு சாண் தள்ளி வைப்பதே மருந்து.

விசில் போனபின் 'ஸ்ஸ்' என்ற மெல்லிய சீறல் மட்டும் மிஞ்சினால் அது பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரின் கெயினை முழுதாகத் திருகி வைத்ததால்தான். கெயின் என்பது வால்யூம் அல்ல. கெயினைக் குறைத்து, செட்டின் வால்யூமை ஏற்றிக் கேளுங்கள்.

செய்யவே கூடாத இரண்டு காரியங்கள். ஒன்று, ஓடுகிற வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி டைனமோ நல்லதா என்று பார்ப்பது. பழைய டைனமோ காலத்துப் பழக்கம் இது, இன்னும் சில ஒர்க்‌ஷாப்பில் செய்கிறார்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரி விலகினால் லைனில் நூறு வோல்ட்டை ஒட்டிக்கூட ஒரு எகிறல் வரலாம். செட், இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் போய்விடும். இரண்டு, விசிலை நிறுத்த ஆம்ப்ளிஃபயரின் எர்த்தைக் கழற்றிப் பார்ப்பது அல்லது ஆர்.சி.ஏ. மேல்சுற்றை வெட்டிவிடுவது. முதலாவதைச் செய்தால் மாமாவின் செட்டுக்கு நடந்ததே உங்கள் செட்டுக்கும் நடக்கும்.

கடைசியாக ஒன்று, இது சத்தத்தைப் பற்றியது அல்ல. ஒயரைப் பக்கம் மாற்றும்போது பவர் ஒயரை முழுக்க வெளியே எடுத்துப் பார்த்தோம். பேட்டரியிலிருந்து கிளம்பும் இடத்தில் ஃப்யூஸே இல்லை. இன்ஜின் அறையிலிருந்து உள்ளே நுழையும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையமும் இல்லை. தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை உரசி உரசி, உள்ளே செம்பு பளபளவென்று தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் உரசியிருந்தால் பேட்டரியின் முழுக் கரண்டும் ஃப்யூஸ் இல்லாமல் பாடியில் பாய்ந்திருக்கும், அதுவும் ஏழு பேரோடு மலையில். மாமா அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் 40 ஆம்பியர் ஃப்யூஸ், ஓட்டையில் ரப்பர் வளையம், அடிபட்ட இடத்தை வெட்டிவிட்டுப் புது ஒயர். மேலே சொன்ன 260 ரூபாயில் இது சேராது. இதற்குத் தனியாக 540 ஆனது. உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ வண்டியில் ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தால், விசில் கேட்டாலும் கேட்காவிட்டாலும், பானட்டைத் திறந்து அந்த ஒன்றரை அடியை மட்டும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.